வென்டிலேட்டர் எப்போது? ஐசியு வாசலில் கேட்கும் கேள்விகள்

ஐசியு டூட்டியில் எனக்குப் பாதி நேரம் உள்ளே, பாதி நேரம் வாசலில். உள்ளே ஒவ்வொரு நோயாளியும் ஒரு மாதிரி. வாசலில் நிற்கும் அப்பா அம்மா, பிள்ளைகள், மச்சான்கள் கேட்பது மட்டும் அநேகமாக அதே இருபது கேள்விகள். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், ஒரே பதிலை ஒரே இரவில் பத்துப் பேருக்குச் சொன்னதுண்டு. அவசரத்தில் பாதியை விழுங்கியதும் உண்டு. அந்தப் பாதியையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

கொரோனா, பன்றிக் காய்ச்சல் என்று நாம் சொல்லும் எச்1என்1, மற்ற இன்ஃப்ளூயன்சா என எந்த வைரஸ் நிமோனியாவாக இருந்தாலும் முடிவெடுக்கும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபடும் இடத்தில் சொல்கிறேன். எல்லாம் பெரியவர்களுக்கான கணக்கு. குழந்தைகளுக்கு எண்கள் வேறு.

ஆக்சிஜன் வைக்கிறதும் வென்டிலேட்டர் வைக்கிறதும் ஒண்ணுதானே டாக்டர்?

இல்லை. ஆக்சிஜன் வைக்கும்போது மூச்சை இழுப்பது நோயாளிதான். இழுக்கிற காற்றில் ஆக்சிஜனைக் கூட்டிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். சாதாரணக் காற்றில் அது 21 சதவீதம். மூக்கில் மாட்டும் சின்னக் குழாயில் தொடங்கி, பை தொங்கும் மாஸ்க், அப்புறம் நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை சூடான ஈரக்காற்றைத் தள்ளும் ஹை ஃப்ளோ, அழுத்தத்தோடு காற்று தரும் பைபாப் மாஸ்க் என்று படிப்படியாக ஏறுவோம். இத்தனை படியிலும் நோயாளி விழித்திருப்பார், பேசுவார், தண்ணீர் கேட்பார்.

வென்டிலேட்டர் என்று வாசலில் நாங்கள் சொன்னால், மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் டியூப் இறக்கி, மூச்சுவிடும் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைப்பதைச் சொல்கிறோம். இந்தப் பக்கம் முழுக்க அந்தப் பொருளில்தான் எழுதுகிறேன்.

வென்டிலேட்டர் வெச்சா நிமோனியா குணமாயிடுமா?

குணமாக்காது. நுரையீரல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் வரை உடம்பைத் தாங்கிப் பிடிக்கும். கால் எலும்பு முறிந்தால் மாவுக்கட்டு போடுகிறோம், கூடுவது எலும்புதான். அந்த மாதிரி.

இந்த வைத்தியம் பெரிய அளவில் தொடங்கிய கதையே இதைச் சொல்லும். 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகளின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றைத் தள்ள வைத்தார் பியோர்ன் இப்சென் என்ற மயக்கவியல் மருத்துவர். இயந்திரம் போதாததால் சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து இரவு பகலாகப் பை அமுக்கினார்கள். போலியோவுக்கு மருந்து அப்போதும் இல்லை. நாள் கிடைத்தது, பலர் பிழைத்தார்கள்.

சாச்சுரேஷன் 88 காட்டுது. ஏன் இன்னும் டியூப் போடாம நிக்கிறீங்க?

சாச்சுரேஷன் என்பது ரத்தத்தின் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனை ஏற்றியிருக்கிறது என்ற எண். அந்த 88, எவ்வளவு ஆக்சிஜன் கொடுக்கும்போது வந்த 88 என்று முதலில் பார்க்க வேண்டும். ஆக்சிஜனே வைக்காமல் 88 என்றால், மூக்குக் குழாயில் மூன்று நான்கு லிட்டர் வைத்தாலே 94க்கு ஏறிவிடலாம். ஹை ஃப்ளோவில் 100 சதவீத ஆக்சிஜன் ஓடியும் 88 என்றால் அது வேறு கதை. எண் ஒன்றுதான், நுரையீரல் இருக்கும் நிலை ஒன்றல்ல.

90க்குக் கீழே இறங்கினால் நாங்கள் பதறுவதற்குக் காரணம் உண்டு. ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் குறையும்போது சாச்சுரேஷன் 90 வரை மொட்டைமாடியில் நடப்பது போல மெதுவாகத்தான் இறங்கும். அதற்குக் கீழே படிக்கட்டு. கொஞ்சம் குறைந்தாலும் கடகடவென்று சரியும். அதனால் ஆக்சிஜனைக் கூட்டி 92 முதல் 96க்குள் வைக்கப் பார்ப்போம். இன்னொன்று, விரலில் மாட்டும் கருவி நகப்பூச்சிலும் சில்லிட்ட விரலிலும் ஏமாற்றும். கருத்த தோலில் உண்மையைவிடக் கூட்டிக் காட்டுவதும் உண்டு. 2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மறைந்திருந்த ஆக்சிஜன் குறைவைக் கருவி கோட்டைவிட்டது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு. நம் ஊர்க்காரர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

அப்போ எதைப் பார்த்துத்தான் முடிவு பண்றீங்க?

முதலில் மானிட்டரை அல்ல, ஆளை. கட்டிலின் கால்மாட்டில் நின்று, போர்வையை இடுப்பு வரை இறக்கி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுவேன். ஓய்வில் இருக்கும் ஆளுக்கு 12 முதல் 20. 30ஐத் தாண்டினால் கவனம், 35க்கு மேல் நீடித்தால் கவலை. எண்ணும்போதே மற்றதும் கண்ணில் படும். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துத் தசை கயிறு மாதிரிப் புடைக்கிறதா, விலா இடுக்கில் சதை உள்வாங்குகிறதா, நெற்றியில் வியர்வை பூத்திருக்கிறதா, நெஞ்சு எழும்போது வயிறும் எழுகிறதா அல்லது உள்ளே போகிறதா. இந்தக் கடைசியைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். மூச்சின் முக்கியத் தசையான உதரவிதானம் ஓய்ந்துபோகிறது என்று அதற்கு அர்த்தம்.

அப்புறம் பேச்சுக் கொடுப்பேன். “காலைல என்ன சாப்பிட்டீங்க?” என்றால் “ரெண்டு இட்லி, சட்னி தொட்டுக்கிட்டேன், காரம்” என்று ஒரே மூச்சில் சொல்பவருக்கு நேரம் இருக்கிறது. “இட்லி” என்று சொல்லி, மூச்சு வாங்கி, அப்புறம் “ரெண்டு” என்பவருக்கு நேரம் குறைவு. கேள்வி புரியாமல் வெறித்துப் பார்ப்பவருக்கும், இருந்தாற்போல மாஸ்க்கைப் பிடுங்கிப் போட்டுச் சண்டை பிடிப்பவருக்கும் நேரமே இல்லை.

இவற்றோடு ரத்த வாயுப் பரிசோதனை, ரத்த அழுத்தம், எக்ஸ்ரே எல்லாம் சேரும். எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியம், நான்கு மணி நேரத்துக்கு முன்னால் எப்படி இருந்தார் என்பது. ஏறுமுகமா இறங்குமுகமா என்று தெரியாமல் எந்த எண்ணுக்கும் மதிப்பில்லை.

ராக்ஸ் ஸ்கோர்னு சிஸ்டர் சார்ட்ல எழுதிட்டு இருந்தாங்க. அது என்னது?

ஹை ஃப்ளோவில் இருப்பவர் தாக்குப்பிடிப்பாரா என்று பார்க்கும் எளிய கணக்கு. சாச்சுரேஷனை, கொடுக்கும் ஆக்சிஜனின் அளவால் வகுத்து, அதை ஒரு நிமிட மூச்சு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். உதாரணமாக, 60 சதவீத ஆக்சிஜனில் சாச்சுரேஷன் 92, மூச்சு 28. 92ஐ 0.6ஆல் வகுத்தால் 153. அதை 28ஆல் வகுத்தால் 5.5. இது 4.88க்கு மேலே இருந்தால் டியூப் தேவைப்படும் வாய்ப்பு குறைவு.

அதே ஆளுக்கு 12 மணி நேரம் கழித்து 80 சதவீத ஆக்சிஜனில் 90, மூச்சு 36 என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு 3.1. பன்னிரண்டாவது மணியில் 3.85க்குக் கீழே போனால் ஹை ஃப்ளோ தோற்கிறது என்று அர்த்தம். மானிட்டரில் நீங்கள் பார்த்தது 92 போய் 90 ஆனது மட்டும்தான். வெறும் இரண்டு புள்ளி! உள்ளே நடந்தது எவ்வளவு என்று இந்தக் கணக்கில்தான் தெரியும். ஆனாலும் இது எச்சரிக்கை மணிதான். ஸ்கோரை மட்டும் பார்த்து நான் யாருக்கும் டியூப் போட்டதில்லை.

சாயந்திரம் வரைக்கும் போன்ல பேசிட்டு இருந்தாரே, ராத்திரிக்குள்ள எப்படி இப்படி ஆச்சு?

வாசலில் மிக அதிகம் கேட்ட கேள்வி இதுதான், அதுவும் கோபத்தோடு. கோபம் நியாயமானதுதான். வைரஸ் நிமோனியாவில், குறிப்பாகக் கொரோனாவில், ஆக்சிஜன் நன்றாகக் குறைந்த பிறகும் சிலருக்கு மூச்சுத் திணறலே தெரியாது. மூச்சு முட்டுகிற உணர்வை மூளைக்கு அதிகம் தூண்டுவது கார்பன் டை ஆக்சைடு. ஆரம்பத்தில் அது சுலபமாக வெளியேறிவிடுவதால் ஆள் தெம்பாகத் தெரிவார்.

பின்னால் நுரையீரல் விறைக்கத் தொடங்கும். நிமிடத்துக்கு 35 மூச்சு என்றால் ஒரு நாளைக்கு 50,000 மூச்சு. ஒவ்வொன்றும் மாடிப்படி ஏறுவது போல. மாரத்தான் ஓடுபவர் கடைசி வரை ஓடிக்கொண்டேதான் இருப்பார், அப்புறம் விழுவார். போன் பேசியது பொய்யில்லை. தாங்கிக்கொண்டு பேசினார்.

ஏபிஜியில கார்பன் டை ஆக்சைடு ஏறுதுன்னாங்க. ஆக்சிஜன்தானே பிரச்சினை?

ஏபிஜி என்பது மணிக்கட்டுத் தமனியிலிருந்து எடுக்கும் ரத்தத்தில் வாயுக்களை அளப்பது. வேகவேகமாக மூச்சு வாங்கும் நிமோனியா நோயாளிக்கு கார்பன் டை ஆக்சைடு இயல்பான 35 – 45க்குக் கீழேதான் இருக்க வேண்டும். அது 28இல் இருந்து 40க்கு வந்தால் ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று அச்சாகும். எனக்கு அது நார்மல் இல்லை. முந்தின பதிலில் சொன்ன ஓட்டக்காரர் தளர்கிறார் என்பதற்கு அடையாளம். 50ஐத் தாண்டி, தூக்கக் கலக்கமும் சேர்ந்தால் வாசலில் விளக்கிக்கொண்டு நிற்க நேரம் இருக்காது.

அதே ரிப்போர்ட்டில் இன்னொரு கணக்கும் பார்ப்போம். ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அழுத்தத்தை, கொடுக்கும் ஆக்சிஜன் அளவால் வகுப்பது. நல்ல நுரையீரலுக்கு 400க்கு மேல் வரும். 300க்குக் கீழே லேசான பாதிப்பு, 200க்குக் கீழே நடுத்தரம், 100க்குக் கீழே கடுமை. 150க்குக் கீழே இறங்கி, மூச்சு வாங்குவதும் கூடினால் டியூப் பற்றிய பேச்சை நாங்களே தொடங்கிவிடுவோம்.

பைபாப் மாஸ்க்லயே இன்னும் ரெண்டு நாள் ஓட்டிப் பாக்கலாமே?

பார்க்கலாம், தேறிக்கொண்டிருந்தால். மாஸ்க்கும் ஹை ஃப்ளோவும் நிறையப் பேரை டியூப்பிலிருந்து காப்பாற்றியிருக்கின்றன. பிரிட்டனில் 1,273 கொரோனா நோயாளிகளிடம் நடந்த சோதனையில், தொடர் அழுத்தத்தில் காற்று தரும் மாஸ்க் போட்டவர்களில் 36 சதவீதம் பேருக்கு டியூப்போ மரணமோ நேர்ந்தது. சாதாரண ஆக்சிஜனில் இருந்தவர்களுக்கு அது 44 சதவீதம். அதனால் “மாஸ்க் சும்மா கண்துடைப்பு” என்பவர்களை நம்பாதீர்கள்.

தேறாமல் ஓட்டுவதுதான் ஆபத்து. 2015இல் வெளியான தென்கொரிய ஆய்வு ஒன்று, ஹை ஃப்ளோ தோற்றுப்போய் டியூப் தேவைப்பட்டவர்களைப் பார்த்தது. 48 மணி நேரத்துக்குள் டியூப் போட்டவர்களில் 39 சதவீதம் பேர் ஐசியுவில் இறந்தார்கள். அதற்கு மேல் தள்ளிப்போட்டவர்களில் 67 சதவீதம். இரண்டு கூட்டமும் எல்லா வகையிலும் ஒன்றல்ல என்பதால் வித்தியாசம் முழுவதையும் தாமதத்தின் மேல் போட முடியாது. ஆனால் திசை தெளிவு. நோயாளி பலமாக இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் புண்பட்ட நுரையீரலை உள்ளிருந்து கிழிக்கிறது என்று நினைக்கும் நிபுணர்கள் உண்டு. அதை மறுப்பவர்களும் உண்டு. அந்தச் சண்டை தீரவில்லை. களைத்து விழும் வரை காத்திருக்கக் கூடாது என்பதில் இரண்டு கட்சிக்கும் பேதமில்லை.

அப்படின்னா முதல் நாளே போட்டுட்டா நல்லதுதானே?

2020 தொடக்கத்தில் பல நாடுகளில் அப்படித்தான் செய்தார்கள். மாஸ்க்கிலிருந்து வைரஸ் பரவும் என்ற பயம், திடீரென்று சரிவார்கள் என்ற பயம். சில மாதங்களில் கை பின்வாங்கியது. பொறுத்திருந்தால் டியூப் இல்லாமலே தேறியிருக்கக்கூடியவர்களும் வென்டிலேட்டருக்குப் போகிறார்கள் என்று புரிந்தது.

டியூப் இலவசம் இல்லை, பணத்தைச் சொல்லவில்லை. மயக்க மருந்து ரத்த அழுத்தத்தை இறக்கும். இருமல் நின்றுவிடுவதால் சளி தேங்கி, புதிதாக பாக்டீரியா நிமோனியா வரலாம். அழுத்தம் கூடினால் நுரையீரல் ஓட்டையாகிக் காற்று நெஞ்சுக்குள் கசியும். இரண்டு வாரம் அசையாமல் படுத்தவர் எழும்போது கை கால் துணி மாதிரித் துவளும். இவ்வளவு விலை கொடுக்க வேண்டுமென்றால் தேவை உறுதியாக வேண்டும்.

வென்டிலேட்டருக்குப் போனவங்க திரும்பி வர மாட்டாங்கன்னு எல்லாரும் சொல்றாங்களே?

இந்தப் பயத்துக்குத் தீனி போட்டதில் ஓர் எண்ணுக்குப் பெரிய பங்கு. 2020 ஏப்ரலில் நியூயார்க் மருத்துவமனைகளின் அறிக்கை ஒன்று வந்தது: வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 88 சதவீதம் மரணம். உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. மொத்தம் 1,151 பேரில், முடிவு தெரிந்த 320 பேரை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அது. அவர்களில் 282 பேர் இறந்திருந்தார்கள். மீதி 831 பேர் அப்போது மருத்துவமனையிலேயே இருந்தார்கள். பிழைத்தார்களா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. பின்னால் திருத்தினார்கள். திருத்தம் எந்த வாட்ஸப் குரூப்புக்கும் வந்து சேரவில்லை.

அதற்காக ஆபத்தில்லை என்று சொல்ல மாட்டேன். கொரோனாவுக்கு முன்பே, 50 நாடுகளில் நடந்த பெரிய கணக்கெடுப்பில், நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் 46 சதவீதம் பேர் மருத்துவமனையில் இறந்தார்கள். பாதிக்குச் சற்று மேல் பிழைத்தார்கள் என்றும் அதைப் படிக்கலாம். வென்டிலேட்டருக்குப் போவதே மிக மோசமானவர்கள் என்பதால், மரணத்தை இயந்திரத்தின் கணக்கில் எழுதுவது சரியல்ல. கொரோனாவில் டெக்சாமெதசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு வென்டிலேட்டர் நோயாளிகளின் மரணத்தை 41 சதவீதத்திலிருந்து 29க்குக் குறைத்தது, பிரிட்டனில் 2020 ஜூனில் தெரியவந்தது. இன்ஃப்ளூயன்சாவுக்கு அதே மருந்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கக் கூடாது. அங்கே அந்த உறுதி இல்லை.

உள்ள சிஸ்டர் இன்ச் டேப் வெச்சு அப்பாவை அளந்தாங்களாம். எதுக்குங்க?

இதைக் கேட்ட பெண்ணின் முகம் எனக்கு மறக்காது. சவப்பெட்டிக்கு அளவெடுக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

அளந்தது உயரத்தை. ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று தள்ளலாம் என்பது உயரத்தைப் பொறுத்தது. தொப்பை வளர்ந்தால் நுரையீரல் வளராது. 165 செ.மீ. உயரமுள்ள ஆண், 60 கிலோ இருந்தாலும் 90 கிலோ இருந்தாலும், கணக்கில் 61 கிலோ. கிலோவுக்கு 6 மில்லி வீதம் ஒரு மூச்சுக்கு சுமார் 370 மில்லி. முன்பெல்லாம் இதைப் போல இரண்டு மடங்கு தள்ளிக்கொண்டிருந்தோம். 2000இல் 861 பேரிடம் நடந்த அமெரிக்கச் சோதனையில், கிலோவுக்கு 12 மில்லி கொடுத்தபோது 40 சதவீதமாக இருந்த மரணம், 6 மில்லியில் 31 சதவீதமாகக் குறைந்தது. அந்த இன்ச் டேப்பைவிட மலிவான உயிர்காக்கும் கருவி ஐசியுவில் குறைவு.

குப்புறப் படுக்க வெச்சா டியூப்பே வேண்டாம்னு சொன்னாங்களே?

விழித்திருப்பவர் குப்புறப் படுத்தால் கொஞ்சம் உதவும். ஆறு நாடுகளில் 1,126 கொரோனா நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, டியூப்போ மரணமோ நேர்ந்தவர்கள் 46 சதவீதத்திலிருந்து 40 ஆனார்கள். செலவில்லாத வைத்தியம், முதுகு வலித்தாலும் முயலச் சொல்வேன். டியூப்புக்கு மாற்று என்று சொல்ல மாட்டேன்.

டியூப் போட்ட பிறகு குப்புறப் போடுவது வேறு அளவிலான பலன். பிரான்சிலும் ஸ்பெயினிலும் 466 பேரிடம் பார்த்ததில், நாளுக்கு 16 மணி நேரம் அளவில் குப்புற வைத்தபோது 28 நாள் மரணம் 33 சதவீதத்திலிருந்து பாதியாகக் குறைந்தது. ஆகவே கண்ணாடி வழியாக அப்பா குப்புறக் கிடப்பதைப் பார்த்தால் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள்.

ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டு உடனே கையெழுத்து போடுன்னா எப்படி?

நல்ல ஐசியுவில் அந்தப் பேச்சு மதியமே தொடங்கியிருக்க வேண்டும். தொடங்காதது எங்கள் குறை. என் டூட்டியிலும் நடந்திருக்கிறது. மூச்சு 30ஐத் தாண்டும்போதே “இன்று இரவு தேவைப்படலாம்” என்று சொல்லிவிடுவது இப்போது என் வழக்கம்.

அவசரம் ஏன் என்றால், டியூப் போடும் அந்தச் சில நிமிடங்களே ஆபத்தானவை. 29 நாடுகளில் ஏறக்குறைய 3,000 பேரிடம் பார்த்ததில், 100க்கு 3 பேருக்கு அந்த நேரத்தில் இதயம் நின்றது. பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு ரத்த அழுத்தம் சரிந்தது. ஆக்சிஜன் 92இல் இருக்கும்போது, மருந்தும் ஆட்களும் தயாராக வைத்துக்கொண்டு போடுவது ஒன்று. 70இல் ஓடிவந்து போடுவது இன்னொன்று.

தாத்தாவுக்கு 82 வயசு. வயசைக் காரணம் காட்டி விட்டுடுவீங்களா?

வயதை மட்டும் வைத்து இல்லை. இரண்டு வாரம் முன்பு வரை தானே குளித்து, கடைக்குப் போய் வந்தாரா, படுக்கையிலேயே இருந்தாரா என்றுதான் முதலில் கேட்பேன். கடைக்குப் போய்வந்த 82க்கும், படுத்த படுக்கையான 65க்கும் வித்தியாசம் உண்டு, பிந்தையவருக்குத்தான் டியூப்பிலிருந்து வெளியே வருவது கடினம். சில நேரம், ஐந்து நாள் முயல்வோம், தேறாவிட்டால் உட்கார்ந்து பேசுவோம் என்று குடும்பத்தோடு முன்பே ஒப்புக்கொள்வதும் உண்டு.

பல வருடம் பீடி பிடித்து நுரையீரல் கெட்டவர்களுக்குக் கணக்கே மாறும். அவர்களுக்கு 88 – 92 போதும். கார்பன் டை ஆக்சைடு அவர்களுக்கு முன்பே ஏறியிருக்கும். பைபாப் அவர்களிடம் நன்றாக வேலை செய்யும்.

வேண்டாம்னு சொல்ல எங்களுக்கு உரிமை இருக்கா?

நோயாளி தெளிவாக இருந்தால் முதல் உரிமை அவருடையது. அதனால்தான் அவர் பேசும் நிலையில் இருக்கும்போதே அவரிடம் கேளுங்கள் என்கிறேன். பெரும்பாலான வீடுகளில் அவருக்குத் தெரியாமல் மகனும் மருமகனும் வராந்தாவில் முடிவெடுக்கிறார்கள். உயிர்காக்கும் சிகிச்சையை மறுக்கும் முன்விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது.

டியூப் வேண்டாம் என்றால் வைத்தியமே வேண்டாம் என்று ஆகாது. ஆக்சிஜன், மாஸ்க், மருந்து, மூச்சிரைப்பின் தவிப்பைத் தணிக்கும் மருந்து எல்லாம் தொடரும். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவது மட்டுமே வழி என்று யாராவது சொன்னால் அது தவறு.

மதுரைக்கு மாத்தறதுக்கு முன்னாடியே டியூப் போடணும்ங்கிறாங்க. அங்க போய் போட்டா ஆகாதா?

ஆம்புலன்சில் இடம் இல்லை, வெளிச்சம் இல்லை, வண்டி ஆடும். அங்கே டியூப் போடுவது எவருக்கும் கெட்ட கனவு. இன்னொன்று, சிலிண்டர் கணக்கு. பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். ஹை ஃப்ளோ நிமிடத்துக்கு 60 லிட்டர் முழு ஆக்சிஜன் குடித்தால் 25 நிமிடத்தில் காலி. வென்டிலேட்டருக்கு அதே சிலிண்டர் பல மடங்கு நேரம் வரும். எனவே எல்லைக்கோட்டில் இருப்பவருக்குக் கிளம்பும் முன்பே போடுவது பெரும்பாலும் சரியான முடிவு. நிலையாக இருப்பவரை அப்படியே கூட்டிப்போகலாம். “வழியில் மோசமானால் என்ன திட்டம், கூட வருவது யார், சிலிண்டர் எத்தனை” என்று மூன்றையும் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

எக்மோ வெச்சா பிழைச்சுடுவாரா?

ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, திரும்ப உள்ளே விடுவது எக்மோ. பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம் 2020 ஆகஸ்டில் சேர்க்கப்பட்டு, வென்டிலேட்டரிலும் எக்மோவிலும் வாரக்கணக்கில் இருந்து செப்டம்பர் 25 அன்று மறைந்தபோதுதான் பல வீடுகளில் இந்தச் சொல் தெரிந்தது. வென்டிலேட்டரும் குப்புறப் போடுவதும் சரிவர முயன்று தோற்ற சிலருக்கே இது. 2018இல் வெளியான சோதனையில் 60 நாள் மரணம் எக்மோவில் 35 சதவீதம், இல்லாமல் 46. எண்ணிக்கை சிறியது என்பதால் அந்த வித்தியாசம்கூட உறுதியாகவில்லை. வென்டிலேட்டரில் ஒரு வாரத்துக்கு மேல் கழித்துத் தொடங்கினால் பலன் இன்னும் குறையும். வீட்டை விற்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

செத்தவங்களை வென்டிலேட்டர்ல வெச்சு காசு புடுங்கறாங்கன்னு சினிமாலயே வருதே?

இதயம் நின்ற உடம்பில் இயந்திரம் காற்றைத் தள்ளும், நெஞ்சு எழுந்து இறங்கும், அவ்வளவுதான். நாடி இருக்காது, மானிட்டரில் கோடு தட்டையாகும், உடம்பு சில்லிட்டு விறைக்கும். நாட்கணக்கில் மறைக்க முடியாது. மூளைச்சாவு வேறு. அங்கே இதயம் துடிக்கும். அதை உறுதிசெய்ய நான்கு மருத்துவர்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு பரிசோதனை என்று சட்டம் இருக்கிறது.

ஆனால் பலன் இல்லை என்று தெரிந்த பிறகும் குடும்பத்திடம் சொல்லாமல் நாட்களை ஓட்டுவது நடக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. தினமும் ஒரு கேள்வி கேளுங்கள்: “நேற்றைவிட இன்று ஆக்சிஜன் சதவீதம் கூடியதா குறைந்ததா?” அதற்கு எண்ணால் பதில் வர வேண்டும்.

எப்போ எடுப்பீங்க?

ஆக்சிஜன் தேவை 40 சதவீதத்துக்கு இறங்கி, ரத்த அழுத்தம் நிலைத்து, மருந்தைக் குறைத்ததும் கண் திறந்து “கையை அழுத்துங்க” என்றால் அழுத்தினால், இயந்திரத்தின் உதவியை மிகக் குறைத்து அரை மணி முதல் இரண்டு மணி நேரம் விட்டுப் பார்ப்போம். தாக்குப்பிடித்தால் எடுப்போம். சிலருக்குத் திரும்பப் போட நேரும். இரண்டு வாரம் நெருங்கியும் எடுக்க முடியாவிட்டால் கழுத்தில் சிறு துளையிட்டு டியூப்பை மாற்றுவோம். நிரந்தரம் இல்லை, பெரும்பாலும் பின்னால் மூடிவிடும்.

மயக்கத்துல இருக்கிறவர்கிட்ட பேசினா கேக்குமா?

ஆழ்ந்த மயக்கத்தில் எவ்வளவு உள்ளே போகும் என்று சொல்ல முடியாது. மருந்து குறையும் நாட்களில் நிச்சயம் போகும், அப்போது இடம் காலம் குழம்பி மிரள்வார்கள். தெரிந்த குரல் உதவும். மூக்குக் கண்ணாடி, காது மெஷின் இருந்தால் கொண்டுவந்து கொடுங்கள். பேசும்போது அழுகையை அடக்கிக்கொண்டு வீட்டு விஷயம் சொல்லுங்கள்.

ஒருவருக்குப் பதினோரு நாள் கழித்து டியூப் எடுத்தோம். குரல் கட்டிப்போயிருந்தது. மகனைக் கிட்டக் கூப்பிட்டு முதலில் கேட்டது, “மோட்டாருக்கு காயில் கட்டியாச்சா?” மோட்டார் எரிந்துபோனது அவர் மயக்கத்தில் இருந்த வாரத்தில்.